மாடிக்குப் போவது சுலபம்!

சிதம்பரத்தில் கூரை என்றால் பக்தகோடிகளுக்கு ஒன்றே ஒன்றுதான். பொன்னம்பலக் கூரை. ‘21,600 தங்க ஓடு, 72,000 ஆணி... மனுஷன் ஒரு நாளைக்கு விடற மூச்சு எத்தனையோ அத்தனை ஓடு ஸார்’ என்று மூச்சே விடாமல் சொல்லிக்கொண்டு வருவார்கள். அதே ஊரில் ரயில்வே லைனைத் தாண்டிக் கிழக்கே அண்ணாமலை நகருக்குள் போய், எதிரில் வருகிற பையனிடம், ‘தம்பி, கூரை...’ என்று லேசாக இழுத்துப் பாருங்கள்.

‘ரூஃப் டாப்பா ஸார்? பாண்டிக்கா? எத்தனை பேர்?’ என்பான்.

எத்தனை பேர் என்று கேட்பது அக்கறையினால் அல்ல. பில்லை எத்தனையால் வகுப்பது என்கிற கவலை.

1929-ல் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் இங்கே பல்கலைக்கழகத்தை நிறுவினார். அதிலிருந்து சனிக்கிழமை சாயங்காலம் வடக்கு நோக்கி ஒரு மோட்டார் பைக் படை கிளம்பும் என்று அப்போது யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். எல்லா மாணவர்களும் கிளம்புவதில்லை. லைப்ரரியே கதி என்று கிடக்கிற பிள்ளைகளும் ஏராளம். அவர்களைப் பற்றி எந்தப் பத்திரிகையும் கட்டுரை கேட்பதில்லை, பாவம்.

பாண்டிச்சேரி 2006-லிருந்து அரசாங்கக் காகிதத்தில் புதுச்சேரி. கண்டக்டருக்கும் காலேஜ் பையனுக்கும் என்றைக்கும் பாண்டிதான். கடலூரிலிருந்து 22 கிலோமீட்டர். சிதம்பரத்திலிருந்து சுமார் 65. நேர் ரயில் கிடையாது. பாண்டிக்கு ரயில் விழுப்புரம் வழியாகத்தான் போகும். ஆகவே பஸ், இல்லாவிட்டால் பைக். பையன்கள் எதைத் தேர்ந்தெடுப்பார்கள் என்று சொல்லவேண்டியதில்லை.

நான் அங்கே போனதற்குக் காரணம் எங்கள் ஆபீஸ் ஜூனியர். மஞ்சக்குப்பத்தில் எனக்கு அடுத்த மேஜை. அண்ணாமலை நகர் ஹாஸ்டல் தயாரிப்பு. ‘ஸார், என் ரூம்ல ஜூனியரா இருந்த பையனுக்கு மெட்ராஸ்ல வேலை கிடைச்சிருக்கு. ட்ரீட். நீங்களும் வாங்க. எப்பப் பார்த்தாலும் எதையாவது எழுதறீங்களே, இதை எழுதுங்க’ என்றான்.

நான் அன்று குடித்தேனா என்பது இந்தக் கட்டுரைக்குத் துளியும் சம்பந்தமில்லாத விஷயம். என் வீட்டிலும் இந்தப் பத்திரிகை வாங்குகிறோம்.

* * *

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். கடலூரிலும் சிதம்பரத்திலும் சரக்கு கிடைக்காதா? கிடைக்கிறது, பேஷாக. தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம் என்கிற டாஸ்மாக் 1983-ல் பிறந்தது. 2003-லிருந்து சில்லறைக் கடையையும் அதுவே நடத்துகிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த வியாபாரத்தை மேய்க்கிற சட்டத்தின் பெயர் இன்றைக்கும் 1937-ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம்தான். இலாகாவின் பெயரும் மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை. ராஜாஜி 1937-ல் சேலத்தில் மதுவிலக்கை ஆரம்பித்தார். 1948-ல் ராஜதானி முழுக்க வந்தது. 1971-ல் தள்ளிவைத்தார்கள். 1974-ல் மறுபடி மூடினார்கள். 1981-ல் மறுபடி திறந்தார்கள். கதவுக்கு வாயிருந்தால் அழுதிருக்கும்.

பாண்டிக்கு இந்த வம்பே இல்லை. 1954 நவம்பர் வரை அது பிரெஞ்சுக்காரர் ஊர். இங்கே மதுவிலக்கு, அங்கே சுதந்திரம். அப்போதும் நம் தென்னாற்காடு மாவட்டத்துத் தாத்தாக்கள் சிலர் ‘பாண்டியில ஒரு சின்ன ஜோலி’ என்று துண்டை உதறிக்கொண்டு கிளம்பியிருக்கிறார்கள். எல்லையில் சுங்கச் சோதனை இருந்த காலம் அது. ஆகவே இன்றைய ரூஃப் டாப் பையன் புதிதாக ஒன்றும் கண்டுபிடித்துவிடவில்லை. தாத்தா போன ரூட்டில் ஹெல்மெட் இல்லாமல் போகிறான், அவ்வளவுதான்.

இன்னொரு தமாஷ். கடலூருக்குப் பக்கத்திலேயே நெல்லிக்குப்பம். 1842-ல் வந்த சர்க்கரை ஆலை. ஈ.ஐ.டி. பாரி என்கிறோமே, அந்த மூன்று எழுத்துக்கு விரிவு என்ன தெரியுமா? ஈஸ்ட் இந்தியா டிஸ்டிலரீஸ். சாராயம் காய்ச்சுகிற சாலையின் பெயரைச் சர்க்கரை மூட்டையில் ஒட்டி வைத்திருக்கிற ஜில்லா இது!

சரி, விலை குறைவு என்றுதானே பாண்டிக்குப் போகிறார்கள்? நானும் அப்படித்தான் கேட்டேன். பாட்டில் விலை அங்கே குறைவு, வாஸ்தவம். யூனியன் பிரதேசத்துக்குத் தனி ஆயத்தீர்வை. 2020-ல் கொரோனா வரி என்று போட்டு விலையைத் தமிழ்நாட்டுக்குச் சமமாக்கினார்கள், 2021-ல் எடுத்துவிட்டார்கள். ஆனால் மாடி பாரில் உட்கார்ந்து குடிப்பவனுக்குக் கடை விலை பேசி என்ன பிரயோஜனம்? நாற்காலிக்கு, காற்றுக்கு, கலர் பல்புக்கு எல்லாம் சேர்த்துத்தான் பில். சிதம்பரத்திலிருந்து போய்வர 130 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 என்று வைத்தாலும் மூன்று லிட்டர் பெட்ரோல், சுமார் 300 ரூபாய். அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியவன் சொல்கிறேன், லாபம் பூஜ்யம்.

இன்னொரு காரணம் வயசு. தமிழ்நாட்டில் 21 ஆகவேண்டும், பாண்டியில் 18 போதும். முள்ளோடையில் எல்லைக் கோட்டின் மேல் காலை அகட்டி நின்றால், 19 வயசுப் பையனின் வடக்குப் பாதி குடிக்கலாம், தெற்குப் பாதி குடிக்கக் கூடாது. ஓட்டுப் போட 18, தாலி கட்ட 21. தாலிக்கும் தண்ணிக்கும் தமிழ்நாட்டில் ஒரே வயசை வைத்தவர்கள் அனுபவஸ்தர்களாக இருக்கவேண்டும். ஆனால் நான் பார்த்த கோஷ்டியில் எல்லோருக்கும் 21 தாண்டிவிட்டது. அப்புறமும் ஏன் 65 கிலோமீட்டர்?

பதிலை மாடி ஏறித்தான் தெரிந்துகொண்டேன்.

* * *

நானும் ஜூனியரும் பஸ்ஸில் போனோம் (என் முதுகெலும்புக்கும் பைக் பின்ஸீட்டுக்கும் பல வருஷப் பகை). சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கடற்கரைச் சாலையில் வண்டிகளை விடுவதில்லை. ஆகவே ஒரு தெரு தள்ளியே இறங்கி நடை. காந்தி சிலை, 1836-ல் கட்டின பழைய லைட் ஹவுஸ், சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர், குழந்தைக்குப் பஞ்சு மிட்டாய் வாங்கித் தருகிற அப்பா, வெள்ளைக்காரத் தாத்தா, செல்ஃபி ஜோடி. யாரும் யாரையும் முறைக்கவில்லை. அதுவே பாதி போதை.

மாடிப் படியில் ஜூனியரின் பட்டாளம் காத்திருந்தது. நான்கு பேர், சிதம்பரத்திலிருந்து இரண்டு பைக்கில். பெயர் வேண்டாம், அவர்கள் வீட்டிலும் பத்திரிகை வாங்கலாம். வேலை கிடைத்தவன் கண்ணாடி. பைக் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே இருந்தவன் ஒல்லி. மூன்றாமவனுக்குக் கடலை என்று நான் பெயர் வைத்ததன் காரணம் சீக்கிரமே தெரியும். நான்காமவன் ஒரு மெடிக்கல் காலேஜில் ஹவுஸ் சர்ஜன். ‘நாளைக்குக் காலைல கேஷுவாலிட்டி டூட்டி. எனக்கு லைம் சோடா’ என்று முதலிலேயே சொல்லிவிட்டான். ஆகவே டாக்டர் தம்பி.

மேலே போனால்... அட, நம்ம மொட்டை மாடி! வாட்டர் டேங்க் தெரிகிறது. கைப்பிடிச் சுவர் ஓரமாகப் பூந்தொட்டி. அதன் மேல் மாலை மாதிரி பல்பு. நடுவே மேஜை நாற்காலி. எதிரே கருப்பாகக் கடல், வெள்ளையாக அலை நுரை மட்டும். அண்ணாமலை நகரில் பாதிப் பேர் குடியிருப்பதே மொட்டை மாடி ரூமில்தான். வேட்டியைக் கட்டிக்கொண்டு டேங்க் மேலே உட்கார்ந்து பரீட்சைக்குப் படிக்கிறவர்கள். காசு கொடுத்து இன்னொரு மொட்டை மாடிக்கு வருவானேன்?

‘ஸார், அங்கே ஹவுஸ் ஓனர் பத்து மணிக்கு லைட்டை அணைச்சுடுவாரு’ என்றான் கண்ணாடி.

‘நம்மூர் பாருக்குப் போயிருக்கீங்களா ஸார்?’ என்றான் ஒல்லி. ‘தரை ஈரமா இருக்கும். டேபிள்ல கை வச்சா ஒட்டிக்கும். பிளாஸ்டிக் டம்ளர், தண்ணி பாக்கெட், சுண்டல். பக்கத்து ஆளு நம்ம தோள்ல சாஞ்சு அவரு பொண்டாட்டி கதையைச் சொல்லி அழுவாரு. குடிச்சுட்டு ஓடிடணும். உட்கார முடியாது.’

‘இங்கே சர்வர் அண்ணன் “குட் ஈவினிங் ஸார்”னு சொல்றாரு. எங்களை ஸார்னு வேற யாரு ஸார் சொல்றாங்க?’ என்றான் கடலை, வாய் நிறைய.

அதுதான் விஷயம். அவர்கள் சரக்குக்காக வரவில்லை. சரக்கு தெருமுனையிலேயே கிடைக்கிறது. நாற்காலிக்காக வருகிறார்கள், காற்றுக்காக, நாலு பேர் எதிரும் புதிருமாக உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவதற்காக. வேலை கிடைத்துப் பிரியப்போகிற சிநேகிதனோடு ஒரு ராத்திரி சத்தமாகச் சிரிப்பதற்கு ஓர் இடம். கடலூர் சில்வர் பீச்சிலும் இதே வங்காள விரிகுடாதான், இதே காற்றுதான். ஒன்பது மணிக்கு மேல் அங்கே நாலு வாலிபர்கள் உட்கார்ந்திருந்தால், ‘என்ன இங்கே? கிளம்பு கிளம்பு’ என்று ஒரு டார்ச் லைட் முகத்தில் விழும்.

ஆர்டர் சொல்கிற அழகைப் பார்க்கவேண்டும். கண்ணாடிதான் ட்ரீட் என்றாலும், சம்பளம் இன்னும் வரவில்லை அல்லவா? மெனு கார்டை வலது பக்கத்திலிருந்து படித்தார்கள். வஞ்சிரம் வறுவல் என்று ஒருவன் வாய் திறந்ததும் இன்னொருவன் மேஜைக்கடியில் மிதித்தான். கடைசியில் ஸ்ட்ராங் பீர் நாலு, ஃபிங்கர் சிப்ஸ் ஒன்று, லைம் சோடா ஒன்று, இலவச வேர்க்கடலை. அந்தக் கிண்ணத்தைக் கடலை ஐந்து தரம் ரீஃபில் கேட்டான். ஆறாவது தரம் சர்வர் டப்பாவையே கொண்டுவந்து வைத்துவிட்டு, ‘ஸாருக்கு வேற ஏதாவது?’ என்றார். நான் வஞ்சிரம் சொன்னேன். ஆறு கை நீண்டது. என் பங்குக்கு முள்.

பக்கத்து மேஜையில் டை கட்டின ஆபீஸர் கோஷ்டி. மானேஜர் ஜோக் சொல்லச் சொல்ல, இன்க்ரிமென்ட் பாக்கி இருக்கிறவர்கள் மட்டும் பலமாகச் சிரித்தார்கள். எங்கள் மேஜையில் ஜோக் சுமார். சிரிப்பு அசல்.

* * *

மணி பத்து ஆனபோது பேச்சு மெள்ள ரிட்டனுக்கு வந்தது.

‘கிளம்பலாம் மச்சான். ஒன்றரை மணி நேரத்துல சிதம்பரம்’ என்று ஒல்லி சாவியை எடுத்தான். அவன் கணக்கில் முழுசாக ஒரு ஸ்ட்ராங் பீர் இறங்கியிருந்தது. கண்ணாடி பாதியில் வைத்ததையும் அவன்தான் முடித்தான்.

‘நீ ஓட்டப் போறியா?’ என்றான் டாக்டர் தம்பி.

‘பீர்தானேடா!’

இந்த ‘பீர்தானே’ இருக்கிறதே, தமிழ்நாட்டு வாலிபர்கள் மத்தியில் மகா செல்வாக்கான வேதாந்தம். விஸ்கி என்றால் தண்ணி, பீர் என்றால் கூல் டிரிங்க்! நான் டிஷ்யூ பேப்பரை எடுத்துப் பேனாவைத் திறந்தேன். வேறொன்றும் வராது எனக்கு, கணக்கு வரும்.

ஸ்ட்ராங் பீர் பாட்டில் 650 மில்லி. லேபிளில் 8 சதவீதம் வரை போகும். ஆக, சுத்த ஆல்கஹால் 52 மில்லி. விஸ்கி 42.8 சதவீதம். ஒரு ஸ்மால் 30 மில்லி, அதில் ஆல்கஹால் 13 மில்லிக்குச் சற்றுக் குறைவு. 52-ஐ 13-ஆல் வகுத்தால் நாலு. அதாவது ஒரு ஸ்ட்ராங் பீர் என்பது நாலு ஸ்மால், இரண்டு லார்ஜ்!

‘இரண்டு லார்ஜ் அடிச்சவன் வண்டியில பின்னாடி உட்காருவியா தம்பி?’ என்றேன் கடலையிடம்.

‘மாட்டேன் ஸார். அம்மா சத்தியமா மாட்டேன்.’

‘வரும்போது அப்படித்தானே போவதாக இருந்தாய்?’

மெல்லுவதை நிறுத்தினான். அன்று ராத்திரி முதல் தடவையாக.

மிச்சக் கணக்கை டாக்டர் தம்பி போட்டான். 52 மில்லி ஆல்கஹால் எடையில் 41 கிராம். ஒல்லிக்கு அறுபது கிலோ இருந்தால் அதிகம். ஒரே மூச்சில் குடித்தால், ரத்தத்தில் 100 மில்லிக்கு 90, 100 மில்லிகிராம் வரை ஏறலாம். சட்டம் அனுமதிப்பது 30. உடம்பு மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம்தான் எரிக்கும், யாரும் அதைத் துரத்த முடியாது. ஆக, முப்பதுக்குக் கீழே வர நாலு மணி நேரத்துக்கு மேல். கண்ணாடியின் பாதி பாட்டில் இதில் சேர்த்தி இல்லை.

‘எலுமிச்சம்பழம் கடிச்சா?’

‘பல் கூசும்.’

‘ஸ்ட்ராங் காபி?’

‘தூக்கம் கலையும், போதை கலையாது. முழிச்சுக்கிட்டு இருக்கிற போதை ஆசாமி ஆயிடுவே.’

‘மோர் சாதம்?’

‘நல்லா இருக்கும். ஊறுகாய் தொட்டுக்கோ.’

சிரித்தார்கள். ஒல்லி சிரிக்கவில்லை. சாவி மறுபடி விரலில் சுழல ஆரம்பித்தது. சட்டம் பேசினேன் நான். மோட்டார் வாகனச் சட்டம் 185-வது பிரிவு. 2019 செப்டம்பரிலிருந்து முதல் தடவைக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாசம் வரை ஜெயில், அல்லது இரண்டும். மறுபடி மாட்டினால் பதினைந்தாயிரம், இரண்டு வருஷம். 2022 அக்டோபரில் சென்னைப் போக்குவரத்துப் போலீஸ், பின்னால் உட்கார்ந்து வருகிறவருக்கும் சேர்த்து அபராதம் என்று அறிவித்தது.

‘அது மெட்ராஸ் ஸார். இங்கே ஆல்பேட்டை செக் போஸ்ட்ல என்ன தேடறாங்கன்னு நினைக்கறீங்க? பாட்டில். என்கிட்ட பாட்டிலே இல்லையே!’

அவன் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. பாண்டிச் சரக்கைப் பையில் வைத்துத் தமிழ்நாட்டுக்குள் கொண்டுவந்தால் அது கடத்தல். கேஸ், கோர்ட், வண்டி பறிமுதல். ஸ்கூட்டர் ஸீட்டுக்கடியில் ஒளித்தவர், காய்கறி வண்டிக்குள் மறைத்தவர் என்று பேப்பரில் அடிக்கடி படிக்கிறோம். அதையே வயிற்றில் ஊற்றிக்கொண்டு வந்தால் கடத்தல் இல்லை. அப்போதும் ஊதச் சொல்லலாம்தான். ஆனால் பையைத் தடவிப் பார்க்கிற சுறுசுறுப்பு வாயை மோந்து பார்ப்பதில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பையில் உள்ள பாட்டிலால் அரசாங்கத்துக்குத்தான் நஷ்டம். வயிற்றில் உள்ளதால் யாருக்கு நஷ்டம் என்று டாக்டர் தம்பி சொன்னான்.

‘போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை விடியக்காலைல ஒரு பையனைக் கொண்டுவந்தாங்க. நம்ம வயசு. ஹெல்மெட் இல்லை. சட்டைப் பாக்கெட்ல பாண்டி பார்க்கிங் டோக்கன். அதை வச்சுத்தான் எங்கேர்ந்து வந்தான்னே தெரிஞ்சது. ஆக்ஸிடென்ட் ரிஜிஸ்டர்னு ஒண்ணு இருக்கு, அதுல நாங்க பார்த்ததை எழுதணும். காயம் எங்கே, நினைவு இருக்கா, வாயில ஆல்கஹால் வாடை இருக்கா. அந்தக் கடைசி வரியை எழுதிட்டா, ஆளுக்கு உண்டான ஆக்ஸிடென்ட் கவரேஜையும் வண்டி இன்ஷூரன்ஸையும் கம்பெனிக்காரன் தரமாட்டேன்னு சொல்லிடலாம். போதையில ஓட்டினா கிடையாதுன்னு பாலிஸியிலேயே இருக்கு. அவங்கப்பாவுக்கு அது எப்படியோ தெரிஞ்சிருக்கு. என் கையைப் பிடிச்சுக்கிட்டார். “தம்பி, நீயும் என் புள்ளை மாதிரி. அந்த ஒரு வரியை மட்டும் விட்டுடுப்பா. தங்கச்சி கல்யாணத்துக்கு வாங்கின கடன் இருக்கு”ன்னார்.’

யாரும் பேசவில்லை. கீழே அலைச்சத்தம். பக்கத்து மேஜையில் மானேஜர் இன்னொரு ஜோக் சொல்லிக்கொண்டிருந்தார்.

‘நீ என்ன பண்ணினே?’ என்றான் கண்ணாடி.

‘எழுதினேன்.’

லைம் சோடாவின் அடியில் இருந்த ஐஸை ஸ்ட்ராவால் குத்திக்கொண்டிருந்தான்.

‘நான் போன வாரம்கூட ஓட்டிட்டு வந்தேன்டா, ஒண்ணும் ஆகலையே’ என்றான் ஒல்லி. குரலில் முன்னைப் போல வேகம் இல்லை.

‘அவனும் போன வாரம் ஓட்டியிருப்பான்.’

சாவி மேஜை மேல் வந்து உட்கார்ந்தது. யாரும் அதைத் தொடவில்லை. கண்ணாடி, ‘பில் கொண்டுவாங்கண்ணே’ என்றான்.

* * *

இப்போது பிரச்னை, இரண்டு பைக்கை என்ன செய்வது? ஒன்றை டாக்டர் தம்பி ஓட்டிப்போய் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஸ்டாண்டில் போட்டான். அவன் திரும்பி வரும்வரை காத்திருக்கலாம் என்றால் ஒல்லிக்கு ரோஷம். ‘என் வண்டியை நானே தள்ளிக்கிட்டு வர்றேன்’ என்றான். கடலிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு இரண்டு கிலோமீட்டருக்குக் குறையாது. பிரெஞ்சுக்காரர்கள் தெருவை நூல் பிடித்தாற்போலப் போட்டதன் அருமை, பைக் தள்ளும்போதுதான் தெரிகிறது. முன்னால் ஒல்லி, பின்னால் கடலை, பக்கவாட்டில் நான், ஜூனியர், கண்ணாடி. ஸ்வாமி புறப்பாடு மாதிரி இருந்தது, மேளம் மட்டும் இல்லை.

ஒரு முனையில் சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர் நிறுத்தினார்.

‘என்ன, பெட்ரோல் தீந்துடுச்சா?’

‘இல்லை ஸார். ஃபுல்லா இருக்கு.’

‘வண்டியா, நீயா?’

ஒல்லி தலையைச் சொரிந்தான். ‘ரெண்டும் ஸார். அதான் தள்றோம்.’

அவர் சிரித்துவிட்டார். பஸ் ஸ்டாண்டுக்குக் குறுக்கு வழியும் சொன்னார்.

பஸ் கதை தனி. சென்னையிலிருந்து நாகப்பட்டினம், வேளாங்கண்ணி போகிற வண்டிகள் ராத்திரியிலும் பாண்டி, கடலூர், சிதம்பரம் வழியாகத்தான் போகின்றன. ஆனால் வரும்போதே நிரம்பி வழிகின்றன. இரண்டு வண்டியை விட்டு, மூன்றாவதில் படிக்குப் பக்கத்தில் இடம் பிடித்தோம். இதைப் பற்றி எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. சனிக்கிழமை ராத்திரி பதினொரு மணிக்குப் பாண்டியிலிருந்து சிதம்பரத்துக்கு ஒரே ஒரு தனி பஸ், காலி ஸீட்டோடு கிளம்பினால் போதும். எத்தனையோ சாவிகள் தாமாகவே பாக்கெட்டுக்குள் போய்விடும். ‘குடித்துவிட்டு ஓட்டாதே’ என்று போர்டு வைக்கிறோம். ‘ஓட்டாமல் எப்படிப் போவது?’ என்று பையன் கேட்டால் போர்டுக்குப் பதில் தெரியாது.

‘வாந்தி கீந்தி எடுக்கிற கேஸ் ஏதாவது உண்டா?’ என்றார் கண்டக்டர். வருஷக்கணக்கான அனுபவம். ‘இருந்தா இப்பவே சொல்லிடுங்க. ஜன்னல் ஸீட்டு மாத்தித் தர்றேன்.’

அரியாங்குப்பம், சுண்ணாம்பாறு, தவளக்குப்பம், கிருமாம்பாக்கம். எதிரே லாரி வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது. ஓரத்தில் வெளிச்சமில்லாத டிராக்டர் டிரெய்லர் ஒன்று. கன்னியக்கோயிலில் ரோட்டைக் கடக்கிற நாய். பஸ் டிரைவர் நிதானமாக பிரேக்கில் கால் வைக்கிறார். ஒல்லி முன் கண்ணாடி வழியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே வந்தான். வாயைத் திறக்கவில்லை.

ஆல்பேட்டையில் பஸ்ஸை நிறுத்தி டார்ச்சோடு ஏறினார் ஒரு போலீஸ்காரர். பை பையாகத் தட்டிப் பார்த்தவர், கடலையின் பான்ட் பாக்கெட் புடைத்திருப்பதைக் கண்டதும் நின்றார்.

‘என்னய்யா அது? எடு வெளியே.’

டிஷ்யூ பேப்பர் பொட்டலம். பிரித்தால் வேர்க்கடலை! பாரில் டப்பாவோடு வைத்தார்களே, அதன் மிச்சம்.

‘இதுக்கும் டூட்டி கட்டணுமா ஸார்?’ என்றான் கடலை நடுங்கிக்கொண்டே. அவர் நாலு எடுத்து வாயில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்.

நானும் ஜூனியரும் கடலூரில் இறங்கிக்கொண்டோம். அவர்கள் நால்வரும் சிதம்பரம் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டாம். டாக்டர் தம்பி அப்படியே குளித்துவிட்டு டூட்டிக்குப் போயிருக்கிறான். அன்று கேஷுவாலிட்டி எப்படி இருந்தது என்று நான் கேட்கவில்லை.

திங்கட்கிழமை ஜூனியரின் போனில் ஒல்லி வந்தான். ஞாயிறு மத்தியானம் பஸ்ஸில் பாண்டி போய் வண்டியை எடுத்துவந்தானாம்.

‘ஸார், கணக்குப் போட்டுப் பார்த்தேன். ரெண்டு தடவை பஸ் டிக்கெட், வண்டி ஸ்டாண்ட் வாடகை, எல்லாம் சேர்த்தும் அந்த பார்ல ஒரு பீர் விலை வரலை.’

‘பார்த்தாயா!’ என்றேன், ஓர் அக்கவுண்டன்ட்டுக்கே உரிய பெருமையோடு.

‘அதான் ஸார் வயித்தெரிச்சல். பஸ்லதான் போகப் போறோம்னு முதல்லயே சொல்லியிருந்தா, நிம்மதியா இன்னொண்ணு சொல்லியிருப்பேனே!’